கடல்கொண்ட நாடும் கைக்கொண்ட நூலும்

மறைந்துபோன பெருநாகரிகங்களைப் பற்றிய நூல்கள் உலகின் பல மொழிகளிலும் இடையறாது வெளிவருகின்றன. அவற்றை விரும்பிப் பயில்வாரும் குறைந்தாரில்லை. நம் சைவ அன்பர் இல்லங்களிலும் திருமுறை ஏடுகளின் அருகே அத்தகைய நூல்கள் இடம்பெற்றிருத்தலைக் காண்கின்றோம். ஆதலின், அவை கூறும் பொருளையும், அவற்றின்பாற் கற்போர்க்கு உளதாகும் வேட்கையின் காரணத்தையும் அளவைநூன் முறையால் ஆராய்தல் கடனெனக் கருதி இதனை எழுதலுற்றேம்.

இந்நூல்களுக்கெல்லாம் மூத்தது கிரேக்க ஞானி பிளேட்டோ உரைத்த அத்திலாந்திசுக் கதை. 9,000 ஆண்டுகட்கு முன்னிருந்த அப்பெருந்தீவு ஒரு பகலும் ஓரிரவும் கொண்ட பொழுதிற் கடலுள் அமிழ்ந்ததென எகிப்திய குருமார் சோலனுக்குக் கூறினரென்பது கதை. செருக்குற்ற நகரம் அழியுமென்னும் அறத்தை வலியுறுத்தவே அவர் அதனைக் கூறினாரென்பது நூலைப் பயில்வார்க்கு எளிதிற் புலனாம். அமெரிக்க நாட்டு அரசியலாளர் இக்னேசியசு டானெல்லி 1882-ஆம் ஆண்டில் அதனை வரலாறெனவே கொண்டு, பல நாட்டுக் கலைகளும் ஆண்டிருந்தே பரவினவென்று பெருநூலொன்று யாத்தார். 1926-இல் சேம்சு சர்ச்வர்டு என்பார் பசிபிக்குப் பெருங்கடலில் மூ என்னும் நிலம் மூழ்கிற்றென எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்று, இந்தியக் கோயிற் குருவொருவர் தமக்குக் காட்டியதாகச் சொன்ன பலகைகள். அப்பலகைகளைப் பிறர் ஒருவருங் கண்டிலர்.

இனி நம் நாட்டொடு தொடர்புடைய இலெமூரியாவின் வரலாறு வருமாறு. மடகாசுகரிலும் இந்தியாவிலும் தேவாங்கினத்தை யொத்த விலங்குகளின் தொடர்பு காணப்படுதலின், இடையே ஒரு நிலம் இருந்திருத்தல் வேண்டுமென பிலிப்பு சிலேட்டர் என்னும் விலங்கியலார் 1864-இற் கருதி, அதற்கு அப்பெயரிட்டனர். இஃது ஏதுவைக் கொண்டு சாத்தியந் துணியுங் கருதலளவை; அக்காலத்திற்குப் பொருந்தியதே. பின்னர் 1888-இல் பிளாவட்சுகி அம்மையார் தம் மறைஞான நூலில் அந்நிலத்தில் மக்களினம் ஒன்றைக் குடியேற்றினார். 1904-இல் சுகாட்டு எலியட்டு என்பார் அம்மக்களின் உருவமும் ஒழுக்கமும் ஞானப்பார்வையால் அறியப்பட்டனவென விரித்தெழுதினார். விலங்கின் பரவலை விளக்க வந்த கருதல் நாற்பதாண்டில் மக்கள் வரலாறாயிற்று.

நிலப்பரப்புக்கள் தாமே பெயர்ந்து செல்வனவென்பது 1960-களில் நிலைநாட்டப்பட்டது. இந்தியாவும் மடகாசுகரும் ஒன்றாயிருந்து ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகட்கு முன் பிரிந்தன. மக்களினம் தோன்றியோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே ஆயின. இடையே ஒரு கண்டம் மூழ்கிற்றெனக் கொள்ளும் வேண்டுகை ஒழிந்தமையின், ஆராய்ச்சியாளர் அக்கருதலைக் கைவிட்டனர். அவர் கைவிட்ட பூர்வபக்கத்தைப் பொதுமக்கட்கு நூலெழுதுவோர் இன்றளவும் சித்தாந்தமெனக் கூறி வருகின்றனர்.

அற்றேல், நம் உரையாசிரியர்கள் கடல்கோளைக் கூறினரன்றோவெனின், கூறினர். அவர் கூறிய அளவினை நோக்குவாம். இறையனா ரகப்பொருளுரை முச்சங்கங்கட்கு முறையே 4,440, 3,700, 1,850 ஆண்டுகளை வகுத்தது. இம்மூன்றும் 370 என்னும் எண்ணின் பன்னிரண்டு, பத்து, ஐந்து மடங்குகளாதல் காண்க. சங்கமிரீஇய பாண்டியர் முறையே 89, 59, 49 பேர். ஆகத் தொகை 197. ஆண்டுத்தொகை 9,990-ஐ இதனால் வகுப்பின் ஒவ்வோர் அரசனும் ஐம்பதாண்டின் மேலும் ஆண்டானாதல் வேண்டும். இவ்வெண்கள் தமிழின் தொன்மையைப் போற்றுதற்கு அமைந்தனவேயன்றி நாட்குறிப்பிலிருந்து எடுத்தன வாகா.

அடியார்க்குநல்லார் பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே எழுநூற்றுக் காவதம் என்றும், நாற்பத்தொன்பது நாடுகள் என்றும் உரைத்தனர். காவதமொன்றைப் பத்து மைலாகக் கொண்டு 7,000 மைலெனக் கணக்கிடுவாரும் உளர். இன்றைய குமரிமுனையிலிருந்து தெற்கே அத்துணைத் தொலைவு செல்லின் தென்துருவத்தையுங் கடந்து அப்பாற் போதல் வேண்டும். ஆசிரியர் வாக்கை உயர்த்துவதாக எண்ணி அதனை நகைப்பிற்கு இடமாக்குதல் இதுவாம்.

குமரிகண்டம் என்னும் பெயரோ கந்தபுராணத்து அண்டகோசப் படலத்தில் உள்ளது. பரதகண்டத்தின் ஒன்பது பகுதிகளுள் ஒன்று அரசன் மகளான குமரியின் பெயராற் கச்சியப்ப சிவாசாரியரால் ஆண்டுக் கூறப்பட்டது. அது கடலுள் மூழ்கிற்றென அவர் யாண்டுங் கூறிற்றிலர். புராணத்துப் பெயரையும், உரையாசிரியர் கூறிய கடல்கோளையும், விலங்கியலார் கைவிட்ட நிலத்தையும் ஒன்றாகப் பிணித்ததே இக்காலத்து நூல்கள் பேசும் கண்டம்.

இக்குற்றத்தினின்று யானும் நீங்கினேனல்லேன். ஆசிரியப் பணியிலிருந்த காலத்து அக்கண்டத்தின் எல்லைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டியதுண்டு. ஒருநாள் மாணாக்கனொருவன், “ஐயா, அடியார்க்குநல்லார் கண்டம் என்ற சொல்லை எவ்விடத்து வைத்துள்ளார்?” என்று வினவினான். அன்றிரவு உரையை முழுதும் புரட்டினேன். அவர் உரையில் நாடு உண்டு, கண்டம் இல்லை. மறுநாள் அவனிடம் அதனைச் சொல்லும் துணிவு எனக்கு உண்டாகவில்லை. இக்கட்டுரை ஒருவாற்றான் அக்கடனைத் தீர்ப்பது.

இனி, ஓரன்பர் வினவுவார்: “கண்டம் இல்லையெனின், இறைவன் தலைச்சங்கத்து வீற்றிருந்தா னென்பதும் பொய்யாய்விடாதோ?” ஆகாது. காட்சி, கருதல், உரை என்னும் அளவைகட்குத் தனித்தனி எல்லை உண்டு. இறைவன் தமிழுக்குச் செய்த அருள் உரையளவையாற் கொள்ளத்தக்கது, பொறிகட்கு எட்டாதது. நிலம் கடலுள் மூழ்கியதோ காட்சிக்கும் கருதலுக்கும் உட்பட்டது. அருளை நிலநூலால் நிறுவப் புகுவார், நிலநூற் கொள்கை மாறுங்கால் அருளையும் உடன்மாற்ற நேரும். மணலின்மேற் கோபுரம் எடுத்தலை இஃது ஒக்கும்.

கடல்கோள் முழுதும் கற்பனையென்பதும் எம் கருத்தன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன் கடன்மட்டம் இன்றினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. ஈழமும் பாண்டிநாடும் நிலத்தால் இணைந்திருந்தன. பனிப்பாறைகள் உருகக் கரையோர நிலங்கள் படிப்படியாக நீருட்பட்டன. 1964-இல் தனுக்கோடி அழிந்ததையும், 2004-இல் ஆழிப்பேரலை எழுந்ததையும் நம் காலத்தார் கண்டனர். கடலோடு வாழும் மக்கள் கடல்கோளை நினைவிற் கொண்டிருத்தல் இயல்பே. அந்நினைவை மதித்தல் வேண்டும். அதனைக் கண்டமளவு பெருக்குதல் வேண்டா.

இங்ஙனமாகவும் இந்நூல்கள் மக்களைக் கவர்தல் என்னையெனின், இரண்டு காரணம் கூறலாம். ஒன்று, பெருமை மறுக்கப்பட்ட மக்களின் துயர். தம் முன்னோர் பிறரிடத்தே யாவுங் கற்றனரென்று கேட்டு வருந்தியவர்க்குத் தொல்லுலகின் தாயகமே தமது என்னுஞ் சொல் மருந்தாயிற்று. அத்துயர் மெய்; அதனை இகழ்தல் தகாது. மற்றொன்று, கடல் மறுமொழி கூறாத சாட்சியாதல். மூழ்கிய நாட்டிற்கு எத்துணை அரசரையும் எத்துணை நூலையும் தரலாம். யாரும் சென்று நோக்கி மறுத்தற்கில்லை. கையிலுள்ள நூலோ ஒவ்வோரெழுத்தையும் பார்க்கச் சொல்லும், உழைப்பைக் கேட்கும்.

சைவர்க்கும் இழப்பின் வரலாறு ஒன்று உண்டு. தில்லையில் திருக்காப்பு நீக்கிய காலத்து மூவர் ஏடுகளிற் பெரும்பகுதி செல்லரித்திருக்கக் கண்டு மன்னன் வருந்தினானென்றும், இக்காலத்திற்கு வேண்டுவனவே வைத்தோமென வானிடத்து ஒரு வாக்கு எழுந்ததென்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். 1,03,000 பதிகங்களுள் எஞ்சியவை 800-க்கும் உட்பட்டனவே. ஆயினும் அவ்வாக்கு இழந்ததை எண்ணி ஏங்குமாறு பணிக்கவில்லை; உள்ளதை ஓதுமாறு பணித்தது. நம்பியாண்டார் நம்பி உள்ளதை வகுத்தார், பண் அமைந்தது, ஓதுவார் மரபு உண்டாயிற்று. இழப்பை எங்ஙனம் ஏற்றல் வேண்டுமென்பதற்கு நம் சமயம் தந்த இலக்கணம் அதுவே.

அவ்விழப்பினுள்ளும் ஒன்று மீண்டது. திருவிடைவாய்க்குச் சம்பந்தப் பிள்ளையார் அருளிய பதிகம் ஏட்டில் இல்லாதிருந்து, சென்ற நூற்றாண்டில் அத்தலத்துக் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. கற்பனை செய்தாரால் அது கிடைத்ததன்று. சுவரிலிருந்த எழுத்தைப் பொறுமையோடு படித்தாராற் கிடைத்தது. கீழடியில் அகழ்ந்த பொருள்கள் கி. மு. ஆறாம் நூற்றாண்டளவு பழமையுடையனவென 2019-ஆம் ஆண்டின் அறிக்கை கூறியதும் மண்ணைத் தோண்டினார் உழைப்பாலேயாம்.

படியெடுக்கப்படாத ஏடுகள் இன்றும் பரண்களிற் பூச்சிக்கு இரையாகின்றன. திருப்பணியென்னும் பெயராற் சுண்ணம் பூசப்பட்ட கல்வெட்டுக்கள் பல. கடலுள் மூழ்கியதாகச் சொல்லும் நூல்களுக்காக இரங்குவார், தம் ஊர்க் கோயிற் சுவரிலுள்ள ஓரெழுத்தைக் காப்பாராயின், தமிழுக்கும் சைவத்திற்கும் அதுவே மெய்யான தொண்டாகும்.