வீட்டுக் கூடத்தில் யோகாப்பியாசம்

பிள்ளையார் சந்நிதியில் கைமாற்றிக் காதுகளைப் பிடித்துக்கொண்டு 12 தோப்புக்கரணம் போடும் சிறுவன் வழிபாடு செய்கிறான். அதே சிறுவன் வாய்ப்பாடு ஒப்பிக்கவில்லை என்பதற்காக வகுப்பறை மூலையில் நின்று அதே காதுகளைப் பிடித்துக்கொண்டு அதே 12 போடும்போது தண்டனை அனுபவிக்கிறான். முழங்கால் மடங்குவதிலும் முதுகு நிமிர்வதிலும் யாதொரு பேதமும் இல்லை. ஏவியவர் யார், எதன் பொருட்டு ஏவினார் என்பதில்தான் பேதமெல்லாம் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் பெற்றோர் சிலர், யோகாசனத்தையும் அன்றாடப் பாடங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை எடைபோட உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தத் தோப்புக்கரணமே நினைவுக்கு வருகிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை வகுத்ததே தவிர, வீட்டுக் கல்வியை வெளிப்படையாக அங்கீகரிக்கவுமில்லை, விலக்கவுமில்லை. ஆகவே இவ்வழியில் செல்லும் குடும்பங்கள் பல, 14 வயதுக்குப் பின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதக்கூடிய பத்தாம் வகுப்புப் பரீட்சையை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்திய வருஷங்களைத் தம் இஷ்டப்படி அமைத்துக்கொள்கின்றன. அந்த வருஷங்களில் டிரில் வாத்தியாரும் இல்லை, மைதானமும் இல்லை. ஒரு பாயும் ஆறடி இடமும் இருந்தால் நடந்துவிடக்கூடிய யோகாசனம் அந்தக் குறையை நிரப்ப வருவது இயல்பே.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். காலை ஆறரை மணிக்குக் கூடத்தில் கோரைப்பாயை விரித்துத் தாய் சூரிய நமஸ்காரம் செய்யத் தொடங்குகிறாள்; யாரையும் அவள் கூப்பிடுவதில்லை. கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தி அவள் நிற்கையில், ஆறு வயது மகன் அந்த வளைவைப் பாலமாகப் பாவித்து அடியில் தவழ்ந்து அப்பால் போகிறான். போனபின் தானும் ஒரு பாலமாகிறான். ஒன்பது வயது மகள் சுவரில் நாட்காட்டி தொங்கும் ஆணியையே உற்றுப் பார்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் விருட்சாசனம் நிற்கிறாள். சாய்கிறாள், தானே மறுபடியும் தொடங்குகிறாள். ஒரு நாள் அவள், "கண்ணை மூடினா மட்டும் ஏம்மா விழறேன்?" என்று கேட்டாள். அன்றைய கணக்குப் பாடம் ஒத்திவைக்கப்பட்டது. உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்களையும், உடல் நிலைகுலையாதிருக்கக் கண் செய்யும் உதவியையும் பற்றி மூவருமாகப் புத்தகத்தைப் புரட்டியதில் காலைப்பொழுது கழிந்தது. மணியடித்தால் வகுப்பு மாற வேண்டிய பள்ளியில், சரீரத்தில் பிறந்த ஒரு சந்தேகம் அந்தச் சூடு ஆறுவதற்குள் சாஸ்திரப் பாடமாக மாறுவது எளிதன்று. வீட்டுக் கல்வியில் யோகத்துக்குள்ள உண்மையான சிறப்பு இதுவென்று நான் கருதுகிறேன்.

பரம்பரையும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. மைசூர் ஜகன்மோகன் அரண்மனை யோகசாலையில் 1930-களில் சிறுவர்களுக்குக் கற்பித்து, பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், வளரும் பிள்ளைக்கு ஒரு முறை, சம்சாரிக்கு ஒரு முறை, முதியவருக்கு ஒரு முறை என்று அப்பியாசத்தைப் பிரித்தே வகுத்தார். துள்ளலும் வேகமும் நிறைந்து ஓர் ஆசனத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும் முறை இளம் உடலுக்கு உரியது. யோகா தினமான ஜூன் 21 அன்று ஒலிபெருக்கியின் எண்ணிக்கைக்கு ஒரே வீச்சில் கையுயர்த்தும் ஐந்நூறு மாணவர்களுக்கு இந்தப் பகுப்பு கிட்டாது. இரண்டே மாணாக்கர் உள்ள வீட்டில் கிட்டும்.

ஆனால் அதே கிருஷ்ணமாச்சாரியாரின் இல்லத்திலேயே இவ்வழக்கத்தின் ஆபத்துக்கும் சாட்சி உண்டு. அவருடைய மைத்துனராக, நோயில் மெலிந்த சிறுவனாக 1934-இல் மைசூர் வந்து சேர்ந்த பி. கே. எஸ். ஐயங்கார், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிறகு, குருவும் உறவினருமான அவரிடம் தாம் நடுங்கியதையும், பார்வையாளர் முன்னிலையில் ஹனுமானாசனம் செய்யும்படி பணிக்கப்பட்டுத் தொடைத் தசை கிழிந்து நெடுநாள் நடக்கத் துன்பப்பட்டதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அத்தகைய மேதை கற்பித்தபோதே இப்படி நேர்ந்ததென்றால், கைபேசியில் பெரியவர்களுக்கென எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளையின் கழுத்தைச் சிரசாசனத்தில் நிறுத்தும் பெற்றோருக்கு என்ன சொல்வது? பிள்ளையின் மூட்டு இளகி வளைவதை வித்தை என்று எண்ணுகிறோம். வளரும் எலும்பும் தசைநாரும் இன்னும் உறுதிப்படவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம். மூக்கைப் பிடித்து மூச்சை அடக்கும் கும்பகமும், முழங்காலை அழுத்திப் பூட்டும் பத்மாசனமும் சிறுவர்களுக்கு அவசியமில்லை.

வேறொரு குறையும் உண்டு. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிதானமான ஆசனங்கள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேரா. பச்சைக்குதிரையும் நொண்டியும் கபடியும் சேரும். அவற்றுக்குக் கூட்டாளிகள் வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அரிதாவது சண்டையிட்டுச் சமாதானமாக நாலு பேர் என்னும்போது, மேலும் ஒரு மணி நேரம் தனியே பாயில் அமர்த்துவது அக்குறையை ஆழமாக்கும். மனக் கலக்கம் சற்றுத் தணிவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன; அவற்றில் பல சிறியவை, குறுகிய காலத்தவை. அவற்றை நம்பிப் புத்தி கூர்மையாகும், ஞாபகம் பெருகும் என்று வாக்களிப்பது நியாயமன்று.

இவற்றையெல்லாம் அறிந்தவர் துணைகொண்டு திருத்திவிடலாம். திருத்தக் கடினமானது மற்றொன்று. பள்ளிப் பிள்ளை நாலு மணிக்கு வாத்தியாரை விட்டு வீடு திரும்புகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் திரும்பிப் போக வேறு வீடு இல்லை. முழங்காலைத் திருத்திய கையே சோறு பிசைந்து போடுகிறது. இன்னொரு வீட்டில், எட்டு வயதுப் பையன் சத்தம் போட்டால் உடனே கண்ணை மூடி ஐந்து நிமிஷம் பத்மாசனத்தில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. "மனசு அடங்கிடுது பாருங்க" என்று தகப்பனார் மனநிறைவோடு சொன்னார். நான் பார்த்தேன்: பையனின் இமைகள் அழுந்த மூடியிருந்தன, தாடை இறுகியிருந்தது, கால் கட்டைவிரல்கள் வெளுத்திருந்தன. ஸ்திரம், சுகம் என்று ஆசனத்துக்குப் பதஞ்சலி விதித்த இரண்டு லக்ஷணங்களில் முதலாவது மட்டுமே அங்கே இருந்தது. அதுவும் பயத்தால் வந்தது.

தண்டனையோடு போட்டியும் வந்து சேர்ந்திருக்கிறது: 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. பதக்கத்தின் மீது பெற்றோருக்கு ஏற்படும் ஆசையை நான் இகழமாட்டேன்; "புள்ளை எந்த ஸ்கூல்?" என்று உறவினர் கல்யாண வீட்டில் கேட்கும்போது, கூசி நிற்கும் தாய்க்கு ஒரு பதக்கம் ஆறுதலான பதிலாகவே இருக்கும். ஆயினும் அந்தப் பதிலைத் தாங்கும் சுமை பிள்ளையின் முதுகெலும்பின்மேல் விழுகிறது.

ஆகவே வீட்டுக் கல்வியில் யோகத்துக்கு இடம் உண்டென்றே நான் தீர்ப்புச் சொல்வேன். ஆனால் மதிப்பெண்ணும் தண்டனையும் மேடையும் அதன் அருகே வரலாகாது, ஓடியாடும் விளையாட்டின் இடத்தை அது பறிக்கலாகாது. இவ்வழியில் செல்லும் தாய் தந்தையரை நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு: "இன்னிக்கு வேண்டாம்மா" என்று பிள்ளை சொல்லும் நாளில் காரணம் கேட்காதீர்கள், அதன் பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு, உங்கள் பாயை விரித்து உங்கள் அப்பியாசத்தைச் செய்யுங்கள்.