ஐந்து நாள் ஞாபகசக்தி

500 ரூபாய்க்காகக் கோர்ட் படி ஏறியவன் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. மறுக்கவில்லை. அன்று என்னோடு படி ஏறியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டேஷ்கேம். இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான்.

2025 மார்ச்சில் ஒரு காலை. எங்கள் ஊரின் நெரிசலான நாற்சந்தி ஒன்றில் சிக்னல் சிவப்பு. குறுக்குச் சாலையில் வண்டிகள் தேங்கி நின்றுவிட்டதால் போக்குவரத்துக் காவலர் ஒருவர் நடுவில் வந்து, விசிலை வாயில் வைத்துக்கொண்டே எங்கள் வரிசையைக் கையசைத்துப் போகச் சொன்னார். போனோம். ஒன்பதாம் நாள் கைப்பேசிக்கு இ-சலான் வந்தது. சிக்னல் மீறல், மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 119-உடன் 177, அபராதம் 500. கூடவே வந்த படத்தில் சிவப்பு விளக்கு தெரிகிறது, என் காரின் பின்பக்க நம்பர் பிளேட் தெரிகிறது, பக்கத்தில் ஒரு தண்ணி லாரி தெரிகிறது. காவலரைத்தான் காணோம். கம்பத்துக் கேமராவுக்கு வேண்டியது நம்பர் பிளேட். கையசைக்கிற ஆளை அது எதற்குப் பார்க்கப்போகிறது?

பார்த்தது என் டேஷ்கேம். அதற்கு ஒன்பது மாதம் முன்பு ஆன்லைனில் ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். 2கே தரம், 140 டிகிரி அகலம், வைஃபை உண்டு, ஜிபிஎஸ் கிடையாது. கண்ணாடியில் ஒட்டி, சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் வேலை முடிந்தது. வயரை மேல்விளிம்பில் செருகிக் கீழே கொண்டுவர அரை மணி நேரம் ஆனது. பேட்டரி இல்லாமல் சூப்பர் கெபாசிட்டர் வைத்த மாடலாகப் பார்த்து எடுத்தேன். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் லித்தியம் பேட்டரி உப்பிவிடும். விலைக்காக அதில் சமரசம் செய்யாதீர்கள்.

பகல் படம் நன்றாகவே இருக்கிறது. முன்னால் போகும் வண்டியின் எண்ணை இரண்டு கார் தூரம் வரை வாசிக்கலாம். இரவில், எதிர்வண்டியின் ஹெட்லைட் பட்டதும் நம்பர் பிளேட் வெறும் வெள்ளைச் சதுரமாகிவிடும். பெட்டியில் ‘நைட் விஷன்’ என்று அச்சடித்தவர் எந்த இரவைப் பார்த்தாரோ. எனக்கு உறுத்திய குறை வேறு. ஸ்டாப் லைனில் முதல் ஆளாக நின்றால், தலைக்கு மேல் தொங்கும் சிக்னல் விளக்கு படத்தின் மேல்விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. விளக்கு பச்சையா சிவப்பா என்பதே பிரச்சினையாக இருந்திருந்தால் இந்தக் கேமரா எனக்குக் கை கொடுத்திருக்காது. லென்ஸைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். பானட் எவ்வளவு தெரிகிறது என்பது யாருக்கும் தேவையில்லை.

இனி, பெட்டியில் எழுதாத விஷயம். எல்லா டேஷ்கேமும் சுழல் பதிவுதான், கார்டு நிறைந்ததும் பழையதன்மேல் புதியதை எழுதும். என் கேமரா மணிக்கு ஏறக்குறைய 9 ஜிபி தின்கிறது. 64 ஜிபி கார்டில் ஏழு மணி நேரம் அடங்கும். தினம் ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிற எனக்கு அது ஐந்து நாளுக்கும் குறைவு. சலான் வந்ததோ ஒன்பதாம் நாள்.

கேமரா வழிச் சலானுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒரு விதி 2021 ஆகஸ்டில் சேர்ந்தது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது அது. ஆக, அனுப்புகிறவருக்கு 15 நாள் அவகாசம், என் கருவிக்கு ஐந்து நாள் ஞாபகசக்தி. எந்த யூடியூப் விமர்சகரும் இந்தக் கணக்கைப் போட்டு நான் பார்க்கவில்லை, எல்லோரும் 4கே புராணமே பாடுகிறார்கள். 4கே எடுத்தால் கோப்பு இன்னும் பெருக்கும், ஞாபகம் இன்னும் சுருங்கும். என் ஓட்டத்துக்கு 256 ஜிபி போட்டால் பத்தொன்பது நாள் வரும். அதுவும் ‘ஹை எண்டூரன்ஸ்’ ரகக் கார்டாக இருக்கட்டும், சாதாரணக் கார்டு ஓயாமல் எழுதி எழுதிச் செத்துப்போகும். கேமரா அந்த அளவை ஏற்குமா என்று முதலில் பாருங்கள், சில மாடல்கள் 128-ஓடு நின்றுவிடும்.

அப்படியானால் என் பதிவு எப்படித் தப்பியது? சிக்னலைத் தாண்டியதும் ஒரு பள்ளம். மழைக்காலத்திலிருந்தே இருக்கிறது. முன்சக்கரம் அதில் ‘தடால்’ என்று இறங்க, கேமராவிலுள்ள ஜி-சென்சார் விபத்து என்று நினைத்து அந்த மூன்று நிமிடக் கோப்பைப் பூட்டிவைத்துவிட்டது. பூட்டிய கோப்பின்மேல் கேமரா எழுதாது. அந்தப் பள்ளத்தைத் திட்டுவதை அன்றோடு நிறுத்தினேன்.

சலான் வந்தால் என்னென்ன வழி இருக்கிறது? முதலில் அது உண்மைச் சலான்தானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக வரும் சலானைத் தொடவே வேண்டாம், அது வங்கிக் கணக்கைத் துடைக்க வந்தது. முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும் பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணையும், இன்ஜின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்தால் உங்கள் பேரில் இருப்பது தெரிந்துவிடும்.

உண்மையானால், தப்பு நம் மேல் என்றால் கட்டிவிடுவது உத்தமம். 200-வது பிரிவின்படி அது சமரசத் தொகை, விஷயம் அங்கேயே முடிந்தது. வண்டி நம்முடையது, ஓட்டியது வேறொருவர் என்றால் 133-வது பிரிவு ஓட்டியவர் யார் என்று சொல்லும் கடமையை உரிமையாளர் தலையில் வைக்கிறது. மச்சான் பெயரைச் சொல்லலாமா என்பது குடும்ப விவகாரம். எண்ணை மாற்றி வாசித்துவிட்டார்கள், அந்த நேரத்தில் வண்டி வீட்டு வாசலில் நின்றது என்பது போன்ற பளிச்சென்ற தவறானால், கோர்ட்டுக்கு முன்பே போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடலாம். நானும் போனேன். வீடியோவைப் பார்த்த அதிகாரி சிரித்தார். “கை காட்டினது தெரியுது சார். ஆனா சிஸ்டத்துல ஏறிடுச்சு. கோர்ட்ல சொல்லிக்கோங்க” என்றார்.

நான் போன 2025-ல் நடைமுறை இப்படி: கட்டாமல் விட்டால் சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும். அங்கே கைப்பேசி ஓடிபி கொடுத்து உள்ளே போனால் இரண்டே தேர்வு: தொகையைக் கட்டுகிறேன் அல்லது வழக்காடுகிறேன். இரண்டாவதை அழுத்தினால் வழக்கு செங்கல் சுவர் கொண்ட நிஜ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். இதற்கு முந்தைய ஏற்பாடும் சட்டத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. 208-வது பிரிவின்படி பணத்தை மணியார்டரில் அனுப்பி, அதன் கூப்பனிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். 1988-ன் ஆன்லைன் வசதி.

கண்டுகொள்ளாமல் விட்டால் ஆறு மாதத்தில் காலாவதி என்று சொல்கிற நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள். அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது நிஜம். அதைச் சொல்லவும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதுவரை நிலுவைச் சலான் வண்டியின் பேரில் உட்கார்ந்திருக்கும், விற்கும்போதும் எஃப்சி காட்டும்போதும் எட்டிப் பார்க்கும்.

நான் வழக்காடுவதை அழுத்தினேன். காரணம் 119-வது பிரிவே. அது சிக்னலுக்குக் கட்டுப்படு என்று மட்டும் சொல்லவில்லை, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலரின் உத்தரவுக்கும் கட்டுப்படு என்கிறது. எந்தப் பிரிவில் என்மேல் சலான் போட்டார்களோ அதைத்தான் நான் கடைப்பிடித்திருந்தேன். இதுவே 184-ன்கீழ் ஆபத்தான ஓட்டுதல் என்றோ 183-ன்கீழ் அதிவேகம் என்றோ வந்திருந்தால் 209-வது பிரிவையும் எடுத்திருக்கலாம். அந்த இரண்டுக்கும் அங்கேயே எச்சரித்திருக்க வேண்டும், இல்லையென்றால் 14 நாளுக்குள் நோட்டீஸோ 28 நாளுக்குள் சம்மனோ வந்திருக்க வேண்டும்.

வக்கீல் நண்பனிடம் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன். “டேய், இதை எங்கேயும் காட்டாதே. வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கிடும், ஹாஷ் மாறிடும். கார்டை அப்படியே உருவி எடுத்துட்டு வா.”

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு துளி மாறினாலும் வேறு எண் வரும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் கேட்கிறது. ஒரு பாதியை நாம் நிரப்ப வேண்டும், மறுபாதியை நிபுணர். இரண்டிலும் ஹாஷ் எண்ணுக்கு இடம் உண்டு. 500 ரூபாய் வழக்குக்கு நிபுணரைத் தேடி எங்கே போவது? அசலையே கொண்டுபோய்க் கொடுத்து, இது என் கருவியில் பதிவானது என்று உரியவரே கூண்டில் ஏறிச் சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று, பழைய சாட்சியச் சட்டக் காலத்தில், 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நண்பன் அந்த வழியை எடுத்தான். கையோடு எதிர்த்தரப்பிடமும் ஒன்று கேட்டான். 167ஏ விதிப்படி அந்தக் கம்பத்துக் கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். அது எங்கே?

முதல் வாய்தாவில் டவாலி என் பெயரைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டரை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்றேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பதினோரு பேரும் ஆமாம் என்றிருந்தார்கள். குமாஸ்தா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். தேதி தள்ளிப்போனது.

இரண்டாவது வாய்தாவில் கார்டை லேப்டாப்பில் போட்டு ஓட்டினோம். மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். காவலரின் கை, விசில், எங்கள் வரிசை நகர்வது எல்லாம் கண்ணாடிபோல் தெரிந்தன. என் கருவியின் அடுத்த குறை அங்கேதான் பல்லிளித்தது. திரையின் மூலையில் மணி 8.38. சலானில் 8.42. “நாலு நிமிஷம் எப்படி வித்தியாசப்படுது?” என்றார். ஜிபிஎஸ் இல்லாத கேமராவின் கடிகாரம் மாதத்துக்கு அரை நிமிடம் பின்தங்கும். ஒன்பது மாதமாக நான் அதைத் திருத்தவே இல்லை. வாங்கும்போது ஆயிரத்தைந்நூறு மிச்சம் பிடித்ததாக நினைத்தேன். கைகொடுத்தது தண்ணி லாரி. சலான் படத்தில் என் பக்கத்தில் நிற்கும் லாரியும், வீடியோவில் என் இடப்பக்கம் உறுமுகிற லாரியும் ஒன்றே, தொட்டியில் எழுதியிருக்கும் கைப்பேசி எண்வரை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மைக்கை அணைத்து வைக்க நான் மறந்திருந்தேன். பள்ளத்தில் இறங்கிய கணம் நான் சொன்ன சொல்லும், அதற்கு என் மனைவி சொன்ன பதிலும் திறந்த நீதிமன்றத்தில் ஒலித்தன. அம்மா முகத்தில் சலனமில்லை. குமாஸ்தா இருமினார்.

கம்பத்துக் கேமராவின் ஒப்புதல் சான்று கடைசிவரை வரவில்லை. அபராதம் இல்லை என்று வழக்கு முடிந்தது. இரண்டு அரைநாள் விடுப்பும் பெட்ரோலும் பார்க்கிங்கும் சேர்த்தால் 500-ஐத் தாண்டிவிட்டது. நண்பன் ஃபீஸ் வாங்கவில்லை, பிரியாணி வாங்கிக்கொண்டான்.

இந்தக் கேமராவை வாங்கலாமா? நகரத்தில் தினமும் ஓட்டுகிறவர்கள் வாங்கலாம். ஆனால் இதே நிறுவனத்தின் ஜிபிஎஸ் வைத்த மாடலாக, 256 ஜிபி கார்டோடு. இரவு ஓட்டமே அதிகம் என்றால் இந்த விலையில் எதுவும் உங்களுக்குப் போதாது. சலான் வந்த நிமிடமே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள், பள்ளத்தை நம்ப முடியாது.

என் கார்டு கோர்ட்டில் இருக்கிறது. திரும்பப் பெறத் தனியாக மனுப் போட வேண்டுமாம். மனுச் செலவு என்ன ஆகும் என்று நண்பனிடம் விசாரித்தேன். கார்டின் விலையைவிட நூறு ரூபாய் அதிகம்.