குதிப்பதை விடுங்கள், முட்டியைப் பாருங்கள்

குளிர்கால ஒலிம்பிக்ஸ் வரும் நாட்களில் தாம்பரத்து வீடுகளிலும் டிவியில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஓடும். எத்தனை சுற்று சுற்றினாள், விழுந்தாளா, இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆட்டத்தின் பாதி அழகு அங்கேயே தவறிப்போகிறது.

அதைப் பார்க்கத் தேவையான கண் தென்சென்னைக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் அமர்ந்து, பரதத்தில் முட்டி மடக்கி நிற்கும் அரைமண்டி தாழ்ந்திருக்கிறதா, கால் மாற்றும்போது உடம்பு எழும்புகிறதா என்று கவனித்துப் பழகிய ரசிகர் பனித்தரையிலும் அதே இடத்தைப் பார்த்தால் போதும். முட்டி.

ஸ்கேட்டின் அடியிலுள்ள எஃகு பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். நடுவில் பள்ளம், இரு ஓரத்திலும் கூர்விளிம்பு. எந்த விளிம்பில் எடையைச் சாய்க்கிறாரோ அந்தப் பக்கம் பாதை வளையும். முட்டி எவ்வளவு மடிகிறதோ அவ்வளவு ஆழமாகச் சாயலாம். சேலையூர், குரோம்பேட்டை பக்கம் சாயங்காலத்தில் சக்கர ஸ்கேட் பழகும் பிள்ளைகளிடமே இது தெரியும். முட்டியை மடக்கிச் சாய்கிற பிள்ளை வேகம் குறையாமல் வளைவைக் கடக்கும். காலை விறைத்துக்கொண்ட பிள்ளை கையை வீசித் தடுமாறும்.

இந்தக் கண்ணோடு முதலில் பார்க்க வேண்டியது 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ். ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸில் அந்த ஆண்டின் கருப்பொருள் நாட்டுப்புற நடனம். அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி ஒயிட் ஜோடி ‘தேவ்தாஸ்’, ‘பண்டி அவுர் பப்ளி’ படப் பாடல்களுக்கு ஆடியது. சினிமாப் பாட்டு எப்படி நாட்டுப்புறமாகும் என்ற கேள்வி நியாயமானதே. பரதம் தெரிந்தவர்கள் கை முத்திரைகளில் குறையும் காண்பார்கள். காணட்டும். ஒருமுறை கையையும் கழுத்தையும் பார்த்துவிட்டு, மறுமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு நான்கு கால்களை மட்டும் பாருங்கள். கழுத்து வெட்டும்போதும் தோள் குலுங்கும்போதும் கீழே விளிம்புகள் மாறிக்கொண்டே இருக்கும். வேகம் மட்டும் குறையாது. அந்த ஒலிம்பிக்ஸில் அவர்களுக்கு வெள்ளி, 2014 சோச்சியில் தங்கம்.

1984 சரயேவோவில் பிரிட்டனின் ஜேன் டோர்வில், கிறிஸ்டோபர் டீன் ஆடிய ‘பொலேரோ’ இன்னொரு ரகம். இசையமைப்பாளர் ராவலின் அந்த இசையை எவ்வளவு சுருக்கியும் அனுமதித்த நேரத்தைவிடப் பதினெட்டு வினாடி மிஞ்சியது. ஸ்கேட் செய்யத் தொடங்கிய பிறகுதான் கடிகாரம் ஓடும் என்பது அப்போதைய விதி. எனவே இருவரும் பனியில் மண்டியிட்டு, மேலுடம்பை மட்டும் அசைத்தபடி தொடங்கினார்கள். நெருக்கடிக்குக் கண்டுபிடித்த வழியே ஆட்டத்தின் மறக்க முடியாத தொடக்கமானது. கலைத்தன்மைக்கு ஒன்பது நடுவர்களும் அன்றைய முழு மதிப்பெண்ணான 6.0 கொடுத்தார்கள்.

ஜம்ப்பை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். ஆறு முக்கிய வகைகளில் ஆக்சல் மட்டுமே முன்னோக்கி எழும்புவது. அதனால் அரைச் சுற்று கூடுதல். 2022இல் இலியா மாலினின் போட்டியில் முதன்முறையாகச் சாதித்த குவாட் ஆக்சல், காற்றில் நாலரைச் சுற்று. எழும்புவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். பின்னோக்கி, ஒற்றைக் காலில், வெளி விளிம்பில் இறங்க வேண்டும். முட்டி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டால் ஓட்டம் அப்படியே நீளும். இல்லையென்றால் இறங்கிய இடத்திலேயே செத்துவிடும்.

இதையெல்லாம் ஒரே ஆட்டத்தில் காண 2014 சோச்சியில் ஜப்பானின் மாவோ அசாதாவைப் பார்க்க வேண்டும். முதல் சுற்றான ஷார்ட் புரோகிராமில் விழுந்து 16ஆம் இடத்துக்குப் போயிருந்தார். மறுநாள் இரண்டாம் சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில், ராக்மானினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவுக்குத் தொடக்கத்திலேயே டிரிபிள் ஆக்சல். கடைசிப் பகுதியில் இசை பொங்கி எழும்போது வரும் காலடி வரிசையில், களைத்திருக்க வேண்டிய நேரத்திலும் முட்டி தளர்வதில்லை. 142.71 புள்ளிகள், அதுவரை அவருடைய மிகச் சிறந்த ஃப்ரீ ஸ்கேட். மொத்தத்தில் ஆறாம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் சோச்சி என்றதும் ரசிகர்கள் பலர் முதலில் தேடிப் போடும் வீடியோ அதுதான்.