இடைவிடாச் செபமும் தமிழ்க் கிறித்தவப் பாடல் வடிவங்களும்

முன்னுரை

பவுல் தெசலோனிக்கச் சபைக்கு எழுதிய முதல் திருமுகம் கி.பி. 50ஐ ஒட்டி எழுந்தது. இடைவிடாது செபிக்க வேண்டும் என்னும் கட்டளை அதன் ஐந்தாம் இயலில் மிகச் சுருக்கமாக இடம்பெறுகிறது. உண்டு, உறங்கி, உழைத்து வாழும் மாந்தர்க்கு இது இயலுமா என்னும் வினா கிறித்தவ மரபில் நெடுங்காலமாக எழுந்துவருகிறது. தமிழ்க் கிறித்தவ இலக்கியம் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை வேதநாயகம் சாஸ்திரியார், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஆகியோரின் படைப்புகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏவலும் எண்ணும்

கிரேக்க மூலத்தில் இக்கட்டளை ஏவற் பன்மையில் அமைந்துள்ளது. ஒரு சபை முழுவதையும் நோக்கிய கூற்று அது. தமிழ் மொழிபெயர்ப்புகளும் ‘உங்கள்’ ஈற்றால் அப்பன்மையைக் காக்கின்றன. ஆயின் இக்காலத் தமிழில் அவ்வீறு பன்மைக்கும் ஒருவரை மதித்துரைக்கும் உயர்வுக்கும் பொதுவானது. எனவே தனித்திருந்து படிக்கும் தமிழ் வாசகர், சபைக்குரிய ஏவலைத் தமக்கு மட்டுமே விடுக்கப்பட்டதாகக் கொள்ள இடமுண்டு. பலர் கூடிச் சுமக்க வேண்டியதை ஒருவரே சுமக்க முயலும்போது அக்கட்டளை இயலாத ஒன்றாகத் தோன்றுகிறது. அதே திருமுகத்தில், எவர்க்கும் சுமையாகாதபடி இரவும் பகலும் உழைத்ததைப் பவுல் நினைவூட்டுகிறார். செபத்தின் பொருட்டு உழைப்பைத் துறத்தல் அவர் கருத்தன்று என்பது இதனால் புலப்படும்.

மூன்று விடைகள்

பிற நாட்டு மரபுகளில் இவ்வினாவுக்கு எழுந்த விடைகளுள் மூன்று இங்குக் கருதத்தக்கன. முதலாவது உருசிய நாட்டது. 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்த, ஆசிரியர் பெயர் அறியப்படாத ‘ஒரு யாத்திரிகனின் வழி’ என்னும் நூலின் நாயகன், மேற்கண்ட கட்டளையைக் கோயிலில் கேட்டு அதன் பொருள் தேடிப் புறப்படுகிறான். இயேசுவின் பெயரை அழைக்கும் சிறு மன்றாட்டை நாளொன்றுக்கு 3,000 முறை, பின் 6,000, பின் 12,000 முறை சொல்லுமாறு ஆசான் பயிற்றுகிறார். இரண்டாவது பிரான்சு நாட்டது. பாரிசு நகரத் துறவு மடமொன்றின் சமையலறையில் பணியாற்றிய சகோதரர் லாரன்சு (இறப்பு 1691), அடுப்படி வேலைக்கும் செப வேளைக்கும் வேறுபாடு காணாத நிலையை எய்தியவராகப் போற்றப்படுகிறார். முன்னையது சொல்லைப் பெருக்குகிறது; பின்னையது சொல்லைக் கடந்து நினைவாக நிற்கிறது. எனினும் முன்னவன் மனைவியை இழந்து வீடுமின்றி அலைபவன், பின்னவர் துறவி. பிள்ளைக்குச் சோறூட்டி, நாட்கூலிக்குச் செல்லும் ஒருவரின் நாள் இவ்விருவர் வாழ்விலும் இல்லை.

மூன்றாவது விடை எகிப்தியப் பாலைத் துறவியர் வரலாற்றில் உள்ளது. உழைப்பை விலக்கி எப்போதும் செபிப்பதாகக் கூறிய சிலர் லூசியசு என்னும் துறவியிடம் வந்தனர். உண்ணும்போதும் உறங்கும்போதும் உங்களுக்காகச் செபிப்பவர் யார் என அவர் வினவ, அவர்களிடம் விடையில்லை. தாம் கயிறு திரித்துக்கொண்டே செபிப்பதாகவும், கிடைக்கும் 16 காசில் இரண்டை வாயிலில் வைப்பதாகவும், அதனைப் பெற்றுக்கொள்பவர் தாம் உண்ணும்போதும் உறங்கும்போதும் தமக்காகச் செபிப்பதாகவும் அவர் கூறினார். இங்கு இடைவிடாமை ஒருவருடைய ஆற்றலால் கைகூடவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்வதால் கைகூடுகிறது. பவுலின் பன்மை ஏவலுக்கு நெருங்கிய விடை இதுவே எனலாம்.

சாஸ்திரியாரின் வடிவங்கள்

தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) பெத்லகேம் குறவஞ்சி, ஞானத் தச்ச நாடகம், ஞானக் கும்மி, ஜெபமாலை முதலியவற்றை இயற்றினார். இவற்றை மதிப்பிடும் ஆய்வாளர் பலர் ‘வடிவம் தமிழ், பொருள் கிறித்தவம்’ என்னும் வாய்பாட்டோடு நின்றுவிடுகின்றனர். வடிவம் வெறும் கொள்கலன் என்னும் எண்ணம் இவ்வாய்பாட்டில் மறைந்துள்ளது. கும்மி ஒருவரால் நிகழ்த்தப்படுவதன்று. வட்டம் வேண்டும், ஒருத்தி பாட மற்றவர் வாங்கிப் பாட வேண்டும், மூச்சு வாங்குபவளின் இடைவெளியைப் பிறர் குரல் நிரப்ப வேண்டும். கீர்த்தனையின் பல்லவியும் அத்தகையதே. சரணத்தை மறந்தவரும் எழுத்தறியாதவரும் பல்லவியில் சேர்ந்துகொள்ள இயலும். குறவஞ்சியில் குறிசொல்லும் தெருக்குரலே விசுவாசத்தின் குரலாகிறது. எனவே கூட்டுப்பாடலின் வடிவத்தைத் தேர்ந்தபோதே செபத்தைப் பகிர்ந்து சுமக்கும் முறையையும் சாஸ்திரியார் தேர்ந்தார் எனக் கொள்ள இடமுண்டு. இவருடைய கீர்த்தனைகளை அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொகுத்துச் சபைகளிடையே பரப்பியமையும் இதற்குத் துணைநிற்கிறது.

யாத்திரிகனின் தனிமை

கிருஷ்ணபிள்ளையின் (1827-1900) இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாயிற்று. அதன் மூலமான ஜான் பனியனின் உரைநடை நூல் (1678), மரண நிழல் பள்ளத்தாக்கில் வாள் பயன்படாதபோது நாயகன் செபத்தையே படைக்கலமாக ஏந்துவதாகக் கூறும். பனியன் செபத்தைப் பெரும்பாலும் நிகழ்ச்சியாக எடுத்துரைக்கிறார். கிருஷ்ணபிள்ளையோ காப்பியத்தினிடையே தேவாரப் பாங்கில் பதிகங்களை அமைக்கிறார். கதை கேட்டுவந்தவர் அவ்விடத்தில் செபிப்பவராகிறார். காப்பியத்திலிருந்து பிரித்தும் பாடத்தக்கவை அப்பதிகங்கள். ஆயினும் அவற்றின் குரல் மனைவி மக்களைப் பிரிந்து வீட்டைவிட்டுப் புறப்பட்ட ஒருவனின் குரல். உருக்கத்தில் சாஸ்திரியாரின் பாடல்களை விஞ்சும் இப்பதிகங்கள், அன்றாட வாழ்வோடு கொள்ளும் உறவில் அவற்றுக்குப் பின்னிற்கின்றன.

வட்டத்தின் எல்லை

இம்மதிப்பீட்டைத் தடையின்றி ஏற்பதற்கில்லை. தஞ்சைச் சபையில் நிலவிய சாதி வேற்றுமைகளை நீக்கப் புதிய மிஷனரிமார் 1820களின் பிற்பகுதியில் முயன்றபோது, சாஸ்திரியார் அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். இருக்கையிலும் நற்கருணையிலும் பிரிவு வேண்டியவரின் பாடல், ஒரே பல்லவியில் அனைவரையும் சேர்த்தது. இம்முரணை அவருடைய காலத்தின் குறையென ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் செபம் பகிரப்படும் செயல் எனில், எவரோடு பகிரப்படுகிறது என்பது இலக்கியத்துக்குப் புறம்பான வினாவாகாது. லூசியசு தம் காசை வாயிலில் வைத்தார். அதனை எடுப்பவர் யார் என அவர் வரையறுக்கவில்லை. சாஸ்திரியாரின் வடிவம் அவ்வாயிலைத் திறக்க வல்லதாயிருந்தும் அவருடைய வாதம் அதனைச் சாத்த முயன்றது. கவிஞரின் கருத்தைக் காட்டிலும் அவர் கையாண்ட வடிவம் விரிந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

முடிவுரை

இடைவிடாச் செபம் என்பது தனியொருவரின் விடாமுயற்சியாக மட்டும் பொருள்கொள்ளப்படும்போது அது துறவிக்கே உரியதாகச் சுருங்குகிறது. கும்மி, கீர்த்தனை முதலிய கூட்டு வடிவங்கள் அதனை இல்லறத்தார்க்கும் உழைப்பாளர்க்கும் உரியதாக்கின. தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வு, நூற்பட்டியலையும் இலக்கிய வகைப் பெயர்களையும் கடந்து, இப்பாடல்களை யார், எங்கு, எவரோடு சேர்ந்து பாடினர் என்னும் திசையில் செல்லுதல் வேண்டும். வயலிலும் வீட்டிலும் இவற்றைப் பாடிய பெண்களின் நினைவுகள் கள ஆய்வின்வழித் தொகுக்கப்பட்டால் இக்கட்டுரையின் முடிவுகள் வலுப்பெறலாம், திருத்தமும் பெறலாம்.