படகைக் கொளுத்தியவன்

ஆர்த்தஸைப் போல ஒரு வில்லன் இதுவரை வரவில்லை. பார்த்த சினிமா, படித்த நாவல், விடிய விடிய உட்கார்ந்து கேட்ட கூத்து எல்லாவற்றையும் எதிரே வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். 'வார்கிராஃப்ட் 3' கணினி விளையாட்டு வெளிவந்தது 2002 ஜூலையில். இத்தனை வருஷம் ஆன பிறகும், அவன் தன் தகப்பனின் அரண்மனைக்குள் நடந்து வருகிற அந்தக் காட்சியை யாராவது போட்டால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். நண்பர்களிடம் அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். இங்கேயும் நிறுத்தப் போவதில்லை.

பிளிசார்ட் நிறுவனத்தின் அந்தத் தொடரில் ஆர்த்தஸ் லோர்டரான் நாட்டின் பட்டத்து இளவரசன். பொன்னிற முடி, கையில் பெரிய சம்மட்டி. ஊதர் என்ற பெரியவரிடம் வித்தை பயின்ற புனித வீரன். முதல் கட்டத்திலேயே ஒரு தாய் ஓடிவந்து, தன் பிள்ளை டிம்மியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழுவாள். பிள்ளையை மீட்பது கட்டாயமில்லை. மீட்காமலும் கதை நகரும். ஆனாலும் ஆடுகிற எல்லோரும் போய் மீட்போம். ஏனென்றால் ஆர்த்தஸ் அப்படிப்பட்டவன், அவனை இயக்குகிற நாமும் அப்படிப்பட்டவர்கள் என்று அப்போது நம்புகிறோம். பின்னால் ஒரு கட்டத்தில் பிணம் தின்னும் பேய்களுக்கு நடுவே ஒன்றைச் சொடுக்கினால் அதன் பெயர் டிம்மி என்று திரையில் வரும். யாரும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல மாட்டார்கள். இதை யோசித்து வைத்தவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

நாட்டில் கொள்ளைநோய் பரவுகிறது. நோய் வருவது தானியத்தில். அந்தத் தானியத்தைத் தின்றவர்கள் செத்து, எழுந்து, சொந்த ஊரையே அடிக்கிறார்கள். ஸ்ட்ராத்தோம் என்ற நகரத்துக்கு ஆர்த்தஸ் வரும்போது தானியம் ஏற்கெனவே விநியோகமாகிவிட்டது. மக்கள் இன்னும் மனிதர்களாகத்தான் இருக்கிறார்கள். சற்று நேரத்தில் மாறிவிடுவார்கள். மொத்த ஊரையும் வெட்டச் சொல்கிறான் ஆர்த்தஸ். ஊதர் மறுக்கிறார். அவரைத் துரோகி என்கிறான். அவன் நேசித்த ஜெய்னாவும் இதைப் பார்க்க முடியாமல் திரும்பி நடக்கிறாள். அவர்கள் போய்விட்டார்கள், நாம் போக முடியாது. மவுஸ் நம் கையில் இருக்கிறது. வீட்டை இடித்தால் உள்ளேயிருந்து ஆட்கள் வெளியே ஓடிவருவார்கள். மல்கானிஸ் என்ற அரக்கன் நூறு பேரைத் தன் பக்கம் சேர்ப்பதற்குள் நாம் நூறு பேரைக் கொன்றாக வேண்டும். திரையின் மூலையில் இரண்டு கணக்கும் ஓடும். கொஞ்ச நேரத்தில் நம் கண் ஆட்களை விட்டுவிட்டு அந்த எண்ணிக்கையையே பார்க்கத் தொடங்கிவிடும். ஆர்த்தஸுக்கு என்ன நடந்ததோ அதுவே நமக்கும் நடக்கிறது. எந்த நாவலாலும் எனக்கு இதைச் செய்ய முடிந்ததில்லை.

1997-இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 7' விளையாட்டின் செபிராத்தைப் பலரும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவனும் பெரிய வீரனாக இருந்து விழுந்தவன்தான். அழகன், அவன் வரும்போது ஒலிக்கிற இசையும் பிரமாதம். ஆனால் அவன் விழுந்த கதையை இன்னொருவனின் நினைவாகத்தான் நாம் பார்க்கிறோம், அதிலும் செபிராத் நம் சொல்படி அசைய மாட்டான். ஆர்த்தஸ் விழுகிற ஒவ்வொரு அடியையும் எடுத்து வைப்பது நாம். எனக்கு இந்தப் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது.

ஸ்ட்ராத்தோமில்தான் ஆர்த்தஸ் கெட்டான் என்று உலகம் முழுக்க ரசிகர்கள் வாதாடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாயல்குடிக்குப் பக்கத்தில், மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிற மாரியூர்தான் எனக்குச் சொந்த ஊர். எங்கள் கரையில் பிறந்த யாரைக் கேட்டாலும் அவன் கெட்ட இடத்தைச் சரியாகக் காட்டிவிடுவார்கள். அது எட்டாவது கட்டம். மல்கானிஸைத் துரத்திக்கொண்டு நார்த்ரெண்ட் என்ற பனிநாட்டுக்குப் படையோடு கப்பலேறி வந்திருக்கிறான் ஆர்த்தஸ். ஊரிலிருந்து உத்தரவு வருகிறது: எல்லோரும் திரும்பி வாருங்கள். வீரர்கள் சந்தோஷமாகக் காட்டை வெட்டிக் கரைக்கு வழி போடுகிறார்கள். அவர்களுக்கு முன்பே கரைக்குப் போய்ச் சேர ஆர்த்தஸ் கூலிப்படையைப் பிடிக்கிறான். தன் கப்பல்களைத் தானே கொளுத்துகிறான். தன் ஆட்கள் வந்து பதறும்போது, இந்தக் கூலிப்படைதான் கொளுத்தியது என்று கைகாட்டுகிறான். கூலிக்காரர்களை அங்கேயே வெட்டிச் சாய்க்கிறார்கள்.

ஸ்ட்ராத்தோமில் அவன் செய்தது கொடுமை, ஆனால் எல்லோர் கண்ணெதிரே, இதுதான் காரணம் என்று சொல்லிச் செய்தான். இங்கே முதல் தடவையாகத் தன்னை நம்பி வந்தவர்களிடம் பொய் சொல்கிறான். கடலுக்குப் போன ஆள் கரை திரும்புகிற வழியை அடைக்கிறான். ஒரு நாட்டுப்படகுக்குப் பின்னால் எத்தனை குடும்பம் நிற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, அந்தக் கப்பல்கள் எரிகிறபோது வயிறும் சேர்ந்து எரியும். அதற்குப் பிறகு ஃப்ராஸ்ட்மோர்ன் என்ற சபிக்கப்பட்ட வாளை அவன் கையில் எடுப்பது வெறும் சடங்குதான். வாள் அவன் ஆன்மாவைக் குடித்தது என்கிறார்கள். குடிக்க அதில் மிச்சம் ஒன்றும் இருந்திருக்காது என்பது என் கட்சி.

கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது இந்தக் கதை முழுவதையும் அப்பத்தாவிடம் சொன்னேன். விளையாட்டு, கம்ப்யூட்டர் எதுவும் அதற்குத் தெரியாது. கதையை உம் கொட்டிக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டது:

"ஏய்யா, அப்ப அவனுக்கு வலை போட ஆளே வரலையா?"

இந்தக் கேள்வி மாரியூரில்தான் பிறக்கும். எங்கள் ஊர் பூவேந்தியநாதர் கோயில், அம்மன் பவளநிறவல்லி. சித்திரைத் திருவிழாவில் வலைவீசும் படலம் கடற்கரையில் நடக்கும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் 57-ஆவது படலம் அது. ஈசன் வேதப்பொருள் சொல்லும்போது உமையின் கவனம் சிதறுகிறது. பரதவர் மகளாகப் பிறக்கச் சாபம். அம்மாவுக்கா இந்தச் சாபம் என்று பிள்ளையாரும் முருகனும் உள்ளே புகுந்து சுவடிகளைக் கடலில் வீசிவிடுகிறார்கள். பிள்ளைகளை உள்ளே விட்டது யார்? வாசலில் பிரம்போடு காவல் நிற்கிற நந்தி. போ, சுறாவாகப் பிற என்கிறார் ஈசன். காலகாலமாகக் காவல் நின்றவர் கடலில் இறங்கிப் படகை உடைக்கிறார், வலையைக் கிழிக்கிறார். யாராலும் அடக்க முடியவில்லை. சுறாவைப் பிடிக்கிறவனுக்கே என் மகள் என்று பரதவர் தலைவர் சொல்ல, ஈசனே வலைஞராக வந்து, வலை வீசிப் பிடித்து, உமையை மணக்கிறார். ஏ.பி.நாகராஜனின் 1965 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கடற்கரையில் நடந்து வருவாரே, இந்தக் கதைக்குத்தான்.

எங்கள் ஊரில் வலை விழுகிற நேரத்தில் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். மணலில் நிற்கிற ஒருவருக்கும் அந்தச் சுறாவின் மேல் கோபம் இருக்காது. அது யார் என்று குழந்தைக்கும் தெரியும். வாசலில் நின்றவர் வீட்டுக்குத் திரும்புகிறார், அவ்வளவுதான். வில்லனைக் கொல்லப் போகிறவர்களின் கூட்டம் அப்படி இருக்காது. இப்படி ஒரு கதைக்குள் வளர்ந்தவனுக்கு ஆர்த்தஸ் அந்நியனாகத் தெரிவானா? எனக்கு முதல் தடவையே நெருங்கிய சொந்தமாகத் தெரிந்தான்.

அப்பத்தாவின் கேள்விக்கு வருகிறேன். வலை போட ஆள் வந்தார்கள். ஊதர் வந்தார், ஜெய்னா வந்தாள், வாள் வேண்டாம் என்று பழைய நண்பன் முராடின் கெஞ்சினான். ஒவ்வொரு வலையையும் ஆர்த்தஸ் அறுத்துக்கொண்டே போனான். நந்தி செய்தது பெரிய தவறு ஒன்றும் இல்லை, ஆண்டவனின் பிள்ளைகளை உள்ளே விட்டார். அதனால் திரும்பி வர முடிந்தது. ஆர்த்தஸ் தானே கொளுத்திய கப்பலில் எப்படித் திரும்புவான்?

திரும்பத்தான் செய்கிறான், வேறு மாதிரி. நான் சொன்ன அரண்மனைக் காட்சி அதுதான். மணி ஒலிக்கிறது, ஊரே ரோஜா இதழ் தூவுகிறது. அவன் அரியணைக்கு முன் மண்டியிடுகிறான். தகப்பன் பெருமையோடு எழுந்து வருகிறார். வாள் அவர் மார்பில் இறங்குகிறது. கிரீடம் உருண்டு ஓடுகிறது. இதோடு கதையை முடித்திருந்தாலே போதும், ஆனால் முடிக்கவில்லை. அடுத்து அவனை மரண வீரனாக நம் கையிலேயே கொடுக்கிறார்கள். இங்கேதான் இந்த விளையாட்டைச் செய்தவர்களின் மேதைமை இருக்கிறது. புனித வீரனாக இருந்தபோது அவனுடைய மந்திர ஒளி உயிருள்ள நண்பனைக் குணமாக்கும், பிணப்படையைச் சுடும். இப்போது அவன் வீசும் மந்திரம் பிணங்களைக் குணமாக்கும், உயிருள்ளவரைச் சுடும். அப்போதைய உச்ச சக்தி, செத்துக் கிடக்கும் தன் வீரர்கள் ஆறு பேரை உயிரோடு எழுப்புவது. இப்போதைய உச்ச சக்தி, ஆறு சடலங்களைச் சற்று நேரம் மட்டும் எழுப்பிச் சண்டைக்கு விரட்டுவது. முன்பு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு ஒளிக்கவசம் வைத்திருந்தவன், இப்போது தன் ஆளையே கொன்று அந்த உயிரைக் குடித்துப் பிழைக்கிறான். வீழ்ச்சி முழுவதையும் வசனமே இல்லாமல் பொத்தான்களில் எழுதியிருக்கிறார்கள்!

கெல்துசாத் என்ற மந்திரவாதியின் எச்சங்களை வைக்க ஒரு கலசம் வேண்டும். அதற்காக ஊதரைக் கொல்கிறான். கலசத்தில் இருப்பது சொந்தத் தகப்பனின் சாம்பல். அதைக் கொட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறான். குரல் கொடுத்த ஜஸ்டின் கிராஸ் இந்த மாற்றத்தைப் பேச்சிலேயே கொண்டுவந்திருப்பார். துடிப்பான பையனின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோவதைக் காது கேட்கும். 2003-இல் வந்த அடுத்த பகுதியில் பனிச்சிகரம் ஏறி, தலைக்கவசம் அணிந்து, பிணப்படையின் அரசனான லிச் கிங் ஆகிறான்.

ஆறரை வருஷம் கழித்து, 2010 பிப்ரவரியில், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடியவர்களுக்கு அவனை எதிர்த்து நிற்க வாய்ப்பு கிடைத்தது. சண்டையின் கடைசிப் பத்து சதவீதத்தில் அவன் மொத்தக் குழுவையும் ஒரே வீச்சில் கொன்றுவிடுவான். யாராலும் தடுக்க முடியாது, கதையே அப்படித்தான். டிரியன் என்ற முதிய வீரர் ஃப்ராஸ்ட்மோர்னை உடைத்த பிறகுதான், அதற்குள் அடைபட்டிருந்த ஆன்மாக்கள் விடுபடும். அவன் தகப்பன் டெரனாஸ் மன்னரின் ஆவி வந்து நம்மை எழுப்பும். கடைசியில் ஆர்த்தஸ் சாவது தகப்பனின் மடியில். பிறகு கிடைக்கும் ஒரு பெட்டிக்குள் ஜெய்னாவின் லாக்கெட் இருக்கும். அத்தனை வருஷமும் அதை அவன் தூக்கி எறியவில்லை. நந்தி திரும்பி வந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், இவனுக்கும் கடைசியில் தகப்பன் வந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எங்கள் விடுதியில் கேபிள் இழுத்து ராத்திரி முழுக்க டோட்டா ஆடுவார்கள். டோட்டா பிறந்ததே வார்கிராஃப்ட் 3-க்குள் ஒரு மேப்பாகத்தான். கதை ஆடும் பொத்தானைப் பாதிப் பேர் அமுக்கியதே இல்லை. அப்படி ஆடியவர் நீங்கள் என்றால், தயவுசெய்து அதைத் திறந்து மனிதர் பக்கத்து ஒன்பது கட்டங்களையும் வரிசையாக ஆடிவிடுங்கள். 2020-இல் புதுப்பித்து வந்த பதிப்பிலும் கதை அதேதான். யூடியூபில் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். அந்தக் கப்பல்களை நீங்களே கொளுத்த வேண்டும்.