வாசலில் விழுந்த தாள்கள்: ஐரிஷ் தேர்தல் துண்டறிக்கைகளைப் பெண்ணாக வாசித்தல்

அயர்லாந்துக் குடியரசில் கட்சிகள் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. அதே நேரத்தில், நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கும் ஒவ்வொரு வேட்பாளரும் தன் தொகுதி வாக்காளர்களுக்கு ஒருமுறை இலவசமாக அஞ்சலில் துண்டறிக்கை அனுப்பலாம். எனவே அங்கே தேர்தல் இன்றும் பெருமளவு தாளில் நடக்கிறது. விளக்குக் கம்பங்களில் கட்டிய தட்டிகளை வாக்குப்பதிவு முடிந்த ஏழு நாட்களுக்குள் இறக்கிவிட வேண்டும். கதவின் அஞ்சல் துளை வழியாக வீட்டுக்குள் விழுந்த தாள்கள் குப்பைக்கோ கணப்புக்கோ போய்விடும். அப்படிப் போகாமல் சிலர் எடுத்துவைத்ததால்தான் இன்று ஐரிஷ் தேர்தல் துண்டறிக்கைத் தொகுப்புகள் இருக்கின்றன.

இந்தத் தொகுப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் அவை அடுக்கப்பட்டிருக்கும் முறை என்னை உறுத்துகிறது. ஆண்டு, தொகுதி, கட்சி, வேட்பாளர் என்பதே வழக்கமான வரிசை. இந்த வரிசையில் படித்தால் கிடைப்பது போட்டியிட்டவர்களின் வரலாறு. போட்டியிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால், அது ஆண்களின் வரலாறாகவே அமைந்துவிடுகிறது. இதே தாள்களை வேறொரு கேள்வியோடு புரட்டலாம்: இது யாரை நோக்கிப் பேசுகிறது? அவளிடம் என்ன பயம் இருக்கிறது என்று எண்ணிப் பேசுகிறது?

1937இன் ஐரிஷ் அரசியலமைப்பில் 41.2 என்றொரு பிரிவு உண்டு. வீட்டுக்குள் வாழும் வாழ்க்கையால் பெண் அரசுக்கு ஆதரவு தருகிறாள், அது இல்லாமல் பொதுநலன் கைகூடாது என்று அது சொல்கிறது. பொருளாதார நெருக்கடியால் தாய்மார்கள் வீட்டுக் கடமைகளைப் புறக்கணித்து வேலைக்குப் போக நேராதபடி பார்த்துக்கொள்ள அரசு முயலும் என்றும் சொல்கிறது. ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் போன்ற பெண்கள் அப்போதே இதை எதிர்த்தார்கள். அவர் 1943இல் சுயேச்சையாகத் தேர்தலில் நின்று தோற்றார். அரசுப் பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டாக வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. துண்டறிக்கை போய் விழும் அந்த வீட்டுக்குள் பெண்ணை நிறுத்தியது சட்டமே என்பதை மறந்துவிட்டு அதை வாசிக்க முடியாது.

வேட்பாளர் மனைவி மக்களோடு நிற்கும் படம் இத்தகைய தாள்களின் நிரந்தர அணிகலன். ஆண் வேட்பாளருக்கு அந்தப் படம் நற்சான்று. பெண் வேட்பாளருக்கோ அது கேள்வியாகிவிடுகிறது: பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இந்தக் கேள்வியிலிருந்து தப்ப நெடுங்காலம் இருந்த வழிகளில் ஒன்று, இறந்துபோன ஆணின் பெயரோடு வருவது. தொழிற்கட்சியின் ஐலீன் டெஸ்மண்ட் கணவர் இறந்த பின் 1965 இடைத்தேர்தலில் வென்றார்; 1981இல் சுகாதார அமைச்சரானார். மோய்ரா ஜியோகெகன்-க்வின் தந்தை இறந்த பின் 1975 இடைத்தேர்தலில் வந்தார். 1979இல் அமைச்சரவையில் இடம்பெற்றார். 1919இல் அமைச்சரான கான்ஸ்டன்ஸ் மார்கிவிச்சுக்குப் பின் அந்த இடத்தை அடைந்த முதல் பெண் அவர். இடைவெளி 60 ஆண்டுகள். இவர்கள் திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் முதலில் உள்ளே நுழைந்த தேர்தலில் குடும்பப் பெயரே பாதித் துண்டறிக்கையாக வேலை செய்தது.

வேட்பாளர்களின் தாள்களைவிடப் பொதுவாக்கெடுப்புகளின் தாள்களே பெண்ணை நேருக்கு நேர் அழைத்துப் பேசின. இரண்டு விவாகரத்து வாக்கெடுப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1986இல் விவாகரத்துத் தடையை நீக்க அரசு முயன்றபோது, முதல் கருத்துக்கணிப்புகள் ஆதரவாகவே இருந்தன. ஜூன் 26 அன்று 63.5 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். இடைப்பட்ட வாரங்களில் எதிர்ப்பாளர்கள் மதத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. வீடு யாருக்கு, நிலம் யாருக்கு, முதல் மனைவியின் வாரிசுரிமை என்னவாகும் என்று கேட்டார்கள். விவாகரத்துக்கு வாக்களிக்கும் பெண், கிறிஸ்துமஸுக்கு வாக்களிக்கும் வான்கோழியைப் போன்றவள் என்று ஃபைன் கேல் கட்சியின் ஆலிஸ் க்ளென் சொன்னதாக ஒரு வாசகம் நாடெங்கும் பரவியது. அந்தப் பண்டிகை விருந்துக்கு அறுக்கப்படுவது வான்கோழிதான்.

இத்தகைய பிரச்சாரத்தை 'பெண்களை ஏமாற்றிய பயமுறுத்தல்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருமணத்தோடு வேலையை விட்டு, இருபது ஆண்டுகள் வீட்டில் கூலியில்லாமல் உழைத்த பெண் 1986இல் அந்தத் தாளைக் கையில் எடுத்திருப்பாள். அவள் பெயரில் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. 'உனக்கு வீடு இருக்காது' என்று அந்தத் தாள் சொன்னபோது அவள் கண்டது தன் உண்மை நிலையைத்தான். அவளைச் சார்ந்திருப்பவளாக ஆக்கியது அரசு. அந்தச் சார்பைக் காட்டி அவளைப் பயமுறுத்தியவர்கள், சார்பை நீடிக்கச் செய்தவர்களின் பக்கமே நின்றார்கள். ஆதரவுத் தரப்போ முறிந்த திருமணங்களின் துயரத்தையும் தனிமனித உரிமையையும் பேசிய அளவுக்கு 'நான் எங்கே குடியிருப்பேன்' என்ற கேள்விக்கு நம்பும்படியாகப் பதில் சொல்லவில்லை. பெண்ணின் அச்சத்தை அறியாமை என்று எடுத்துக்கொள்ளும் முற்போக்கு, அவளை அச்சுறுத்தும் பழமைவாதத்திடம் தோற்றுப்போகும். 1986இன் பாடமாக நான் இதைத்தான் காண்கிறேன்.

அடுத்த வாக்கெடுப்புக்கு முன் சட்டங்கள் வந்தன. 1989இன் நீதிமன்றப் பிரிவினைச் சட்டமும் 1995இன் குடும்பச் சட்டமும் ஜீவனாம்சம், சொத்து, வீடு பற்றி நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தந்தன. 1995 நவம்பர் 24 அன்று விவாகரத்துக்கு அனுமதி கிடைத்தது, வெறும் 9,114 வாக்கு வித்தியாசத்தில். அந்த முறை எதிர்ப்பாளர்களின் புகழ்பெற்ற தட்டி, விவாகரத்து வந்தால் அப்பா போய்விடுவார் என்று குழந்தையின் குரலில் பேசியது. மனைவியின் சொத்துக் கவலைக்கு ஓரளவு பதில் வந்த பிறகு, பயத்தின் முகவரி குழந்தைக்கு மாறியது என்று இதை வாசிக்கலாம். இரண்டு வாக்கெடுப்புகளின் தாள்களையும் அருகருகே வைத்தால்தான் இந்த நகர்வு தெரியும்.

எண்ணிக்கை சொல்லாததைத் தாள் சொல்லும் என்பதற்கு 2024 இன்னொரு சான்று. அந்த ஆண்டு மார்ச் 8, மகளிர் நாளன்று, 41.2 பிரிவை நீக்கிவிட்டுக் குடும்பத்துக்குள் நடக்கும் பராமரிப்பைப் பற்றிய புதிய வாசகத்தைச் சேர்க்க வாக்கெடுப்பு நடந்தது. 73.9 சதவீதத்தினர் மறுத்தார்கள். தாயின் இடத்தைக் காக்க வேண்டும் என்று மறுத்தவர்கள் உண்டு. பராமரிப்பின் சுமையைப் புதிய வாசகமும் குடும்பத்தின் தலையிலேயே கட்டுகிறது, அரசுக்குக் கடமை எதுவும் விதிக்கவில்லை என்று மறுத்த மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்களும் உண்டு. வாக்குப்பெட்டியில் இரண்டும் ஒரே 'இல்லை'. அவரவர் எழுதிய தாள்களில்தான் அவை வேறு வேறு அரசியல். அந்தத் தாள்கள் தொலைந்தால் இரண்டாவது 'இல்லை' முதலாவதற்குள் கரைந்துபோகும்.

அப்படியானால் எதை, யார் காப்பாற்றினார்கள் என்பதே அடுத்த கேள்வி. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் உள்ள லினன் ஹால் நூலகத்தின் பெரும் அரசியல் தொகுப்பு 1968இல் ஒரு மதுக்கூடத்தில் தொடங்கியது. குடியுரிமை இயக்கத்தின் துண்டறிக்கை ஒன்று அங்கே நூலகர் ஜிம்மி விட்டியின் கைக்கு வந்தது. அதை அவர் தூக்கியெறியவில்லை. அந்தச் செயலை நான் மதிக்கிறேன். ஆனால் சேகரிப்பவரின் கால்கள் போகுமிடங்களுக்கே தொகுப்பும் போகும். மகப்பேறு மருத்துவமனையின் காத்திருப்பு அறையிலும் பள்ளி வாசலிலும் துணி வெளுக்கும் கடையிலும் கைமாறிய தாள்களுக்கு அங்கே போய்வரும் ஒருவர் தேவை.

தெற்கே அப்படி ஒருவர் இருந்தார். பெண்ணியப் பதிப்பகமான ஆட்டிக் பிரஸ் 1984இல் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான ரோஷீன் கான்ராய், பெண்கள் இயக்கத்தின் துண்டறிக்கைகளையும் கடிதங்களையும் சுவரொட்டிகளையும் சேர்த்துவைத்தார். அவை இப்போது கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. தேர்தல் தாளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. இயக்கத் தாள்களில் பல நேரம் தேதிகூட இருக்காது. மழையில் தெருத்தெருவாக நடந்து அவற்றைக் கதவுகளில் போட்டவர்கள் யார் என்பது எந்த வகைத் தாளிலும் இருக்காது. அதை எழுதிவைக்கும் வேலை, உடன் நடந்தவர்களுக்கு மட்டுமே முடியும்.

கருவிலிருக்கும் சிசுவின் உயிரைத் தாயின் உயிருக்குச் சமமாக வைத்த எட்டாவது திருத்தம் 1983இல் 66.9 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. 2018 மே 25 அன்று 66.4 சதவீத ஆதரவோடு நீங்கியது. இந்த முறை பெண்கள் பிறருக்காகக் காத்திருக்கவில்லை. பிரச்சாரத்தின் ஆவணங்களைக் காப்பதற்கென்றே ஒரு குழு செயல்பட்டது. கருக்கலைப்பு மறுக்கப்பட்டு 2012இல் கால்வே நகரில் இறந்த இந்தியப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவரின் உருவம் டப்ளினில் ஒரு மதுக்கூடச் சுவரில் தீட்டப்பட்டிருந்தது. அதன்மேல் மக்கள் ஒட்டிய சிறு காகிதக் குறிப்புகளை டப்ளின் நகர நூலகமும் ஆவணக் காப்பகமும் எடுத்துப் பாதுகாத்தன. மன்னிப்பும் நன்றியும் கோபமும் கையெழுத்தில் இருந்த அந்தக் காகிதங்களில் கட்சிச் சின்னம் இல்லை.

அவற்றை ஆண்டு, தொகுதி, கட்சி, வேட்பாளர் என்ற வரிசையில் எங்கே வைப்பது? இடமில்லை. பெண்களிடம் பேசிய தாள்களோடு பெண்கள் பேசிய தாள்களையும் சேர்த்து வைக்கும்போதுதான் தேர்தல் தொகுப்பு முழுமையாகும். மாணவிகள் எந்த ஊர்த் தொகுப்பைத் திறந்தாலும் வேட்பாளரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேட்கலாம்: இந்தத் தாள் விழுந்த வாசலில் குனிந்து எடுத்தவள் யார், அவள் எழுதிய தாள் எங்கே?