பதினாறு நாள் இடைவெளி

1936 ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள். ஜூன் மாதம்தான் பதவிக்கு வந்திருந்த மக்கள் முன்னணி அரசைப் பாரிஸ் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். ஜூலை 30இல், அதே அரசின் கொடியின் கீழ், புதுச்சேரி சவானா ஆலையில் எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தார்கள்.

இன்றும் ஜூலை 14இல் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், இரு நாட்டுக் கீதங்கள். 30இல் தொழிற்சங்கத்தார் செங்கொடியோடு அஞ்சலி. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் அப்படி விடவில்லை. வெள்ளையர் வந்திறங்கியதன் 150ஆம் ஆண்டு விழா நாளையே, 1938 ஜனவரி 26ஐ, துக்க நாளாக அறிவித்துச் சிட்னியில் கூடினார்கள். துக்கம் விழாவின் நடுவிலேயே வந்து உட்கார்ந்தது.

நம் கவிதையில் நடப்பது புதுச்சேரி ஏற்பாடுதான். புகழ்ச்சிக்கு ஒரு கவிதை, இரங்கலுக்கு வேறொன்று. இரங்கலில் ரத்தம், விதை, விடியல் எல்லாம் உண்டு; ஆலைச் சங்கு இல்லை, வேலை நேரக் கணக்கு இல்லை. அது யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சொல்லும் அதே மூச்சில் அந்த 12 பேரும் வந்தாக வேண்டும். அப்படி எழுதப்படுவது நல்ல கவிதையாகிவிடும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். பொய்யாக இராது.